ஏர் ரைஃபிள் மரக்கட்டை உடைந்துவிட்டது, ஒட்டினால் நிற்குமா?

வணக்கம் நண்பர்களே. அப்பா கொடுத்த பழைய ஏர் ரைஃபிள், சாய்த்து வைத்த இடத்திலிருந்து சரிந்து விழுந்ததில், ட்ரிகருக்குப் பின்னால் கை பிடிக்கும் ஒல்லியான பகுதியில் மரம் இரண்டாக உடைந்துவிட்டது. குழலுக்கும் ஸ்பிரிங்குக்கும் ஒன்றும் ஆகவில்லை. பீச் மரம், நார் ஓட்டத்தோடு சாய்வாகப் பிளந்திருப்பதால் துண்டுகள் இன்னும் கச்சிதமாகப் பொருந்துகின்றன, ஒரு சின்னச் சிம்பு மட்டும் காணவில்லை.

என் பெரிய கவலை எண்ணெய்தான். பல வருஷமாக ஊறி உடைந்த முகமே கறுத்திருக்கிறது, அதன்மேல் எந்தப் பசையும் சரியாகப் பிடிக்காது. அசிட்டோன் நனைத்த துணியால் இரண்டு முறை துடைத்தேன், இன்னும் துணி மஞ்சளாகத்தான் வருகிறது. இதை முழுதாக எடுக்க வேறு வழி உண்டா?

அப்புறம் பசை. சிம்பு போன இடத்தையும் நிரப்பும் என்பதால் மெதுவாக இறுகும் எபாக்ஸி போடலாம் என்றிருக்கிறேன். ஆனால் ஸ்பிரிங் ரைஃபிள் சுடும்போது பின்னால், முன்னால் என்று இரண்டு பக்கமும் உதைக்கும், பசை மட்டும் தாங்குமா? உள்ளே நீளவாக்கில் துளையிட்டு மரை போட்ட கம்பி இறக்கினால் 6 மில்லிமீட்டர் போதுமா, துளை கோணாமல் போடுவது எப்படி? வளைவில் கிளாம்ப் நிற்காது, பழைய சைக்கிள் டியூபை இறுக்கிச் சுற்றப் பார்க்கிறேன்.

புதுக் கட்டை மாற்றச் சொல்லாதீர்கள், சுடக் கற்றுக்கொண்டதே இதில்தான். செய்து பார்த்தவர்கள் படம் இருந்தால் போடுங்கள்.