நூற்றுக்கு 95 ஆண்ட்ராய்டு: இதில் போட்டி எங்கே?

அல்சூர்_நிரலர்:
இந்தியாவில் ஓடும் ஸ்மார்ட்ஃபோன்களில் நூற்றுக்குச் சுமார் 95 ஆண்ட்ராய்டு. மிச்சம் கிட்டத்தட்ட எல்லாம் ஐஃபோன். எது நல்ல ஓஎஸ், அதாவது போனை இயக்கும் அடிப்படை மென்பொருள், என்ற சண்டையை விடுங்கள். ஆப் எழுதிப் பிழைப்பவனுக்கு இங்கே ஒரே வாசல்தான். 2024 மார்ச் 1 அன்று கட்டணத் தகராறில் பாரத் மேட்ரிமோனி உட்படப் பல இந்திய ஆப்களை கூகுள் தன் ப்ளே ஸ்டோரிலிருந்து தூக்கியது. அரசு தலையிட்ட பிறகுதான் அவை திரும்பி வந்தன. அமைச்சர் வரை போக வழியில்லாத மூன்று பேர் கம்பெனி என்ன செய்யும்?

எஸ்பிரோடு_சர்வீஸ்:
தம்பி, பல ஓஎஸ் இருந்த காலத்தையும் பார்த்தவன் நான். சிம்பியன், பாடா, பிளாக்பெர்ரி எல்லாம் என் மேசைக்கு வந்திருக்கின்றன. மஞ்சள் முதுகு லூமியா 520 விண்டோஸ் போன் ஒன்று இன்னும் டிராயரில் கிடக்கிறது. டிஸ்ப்ளேயில் கீறல் இல்லை, சார்ஜ் ஏறுகிறது. 2019 முடிவோடு விண்டோஸ் போனில் வாட்ஸ்அப் நின்றது. "நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்" என்று சொந்தக்காரர் போய்விட்டார். எல்லாரும் ஒரே ஓஎஸ்ஸுக்கு வந்ததால்தான் ஏழாயிரம் ரூபாய் போனிலும் யுபிஐ ஓடுகிறது.

ஜெயநகர்_ஐஃபோன்:
நானும் சர்வீஸ் அண்ணன் பக்கம்தான். 2008இல் நோக்கியாவை அசைக்க ஆளே இல்லை என்றார்கள். 2013இல் கைபேசிப் பிரிவை மைக்ரோசாஃப்டுக்கு விற்க ஒப்புக்கொண்டது. சந்தையே பார்த்துக்கொள்ளும்.

அல்சூர்_நிரலர்:
அன்று போன் மாற்றினால் சேமித்த நம்பர்களைப் புதுப் போனில் ஏற்றினால் போதும். இன்று வங்கி ஆப் வராத ஓஎஸ்ஸை யாரும் தொடமாட்டார்கள். சென்னை ஐஐடி ஆதரவில் உருவான பார்ஓஎஸ் 2023 ஜனவரியில் அறிமுகமானது. அண்ணே, உங்கள் கடைக்கு ஒன்றாவது வந்ததா?

நான் கேட்பது புது ஓஎஸ் இல்லை, இன்னொரு ஆப் கடை. போட்டி ஆணையம் 2022 அக்டோபரில் கூகுளுக்கு 1,337.76 கோடி ரூபாய் அபராதம் போட்டது. மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2023இல் அபராதத்தை உறுதிசெய்தது. ஆனால் மற்ற ஆப் கடைகளையும் ப்ளே ஸ்டோருக்குள் அனுமதிக்கச் சொன்ன உத்தரவை நீக்கிவிட்டது. எனக்கு வயிறெரிவது அங்கேதான். நம்ம பெங்களூரு போன்பே 2024இல் இண்டஸ் ஆப்ஸ்டோரைக் கொண்டுவந்தது, தமிழ் உட்பட 12 இந்திய மொழிகளில். அம்மா போனில் போடப் போனேன். ப்ளே ஸ்டோருக்கு வெளியிலிருந்து போடுவதால் எச்சரிக்கைப் பெட்டி எழுந்ததும் போனைப் பிடுங்கிக்கொண்டார். "வேண்டாம்பா, காசு போயிடும்."

எஸ்பிரோடு_சர்வீஸ்:
அம்மா செய்ததுதான் சரி. போன வாரம் ஒருவர் போனோடு வந்தார். கல்யாணப் பத்திரிகை என்று வாட்ஸ்அப்பில் வந்த ஏபிகே ஃபைலை, அதாவது ப்ளே ஸ்டோர் இல்லாமலே ஆப்பைப் போனில் ஏற்றும் ஃபைலை, தொட்டிருக்கிறார். அவருக்கு வரும் எஸ்எம்எஸ் எல்லாம் வேறெங்கோ போய்க்கொண்டிருந்தது. நாற்பதாயிரம் போச்சு. மகளுக்கு பீஸ் கட்ட வைத்திருந்த பணம்.

அல்சூர்_நிரலர்:
கேட்கவே கஷ்டமாக இருக்கிறது அண்ணே. ஆனால் பேரும் விலாசமும் உள்ள கடைக்கும் அந்தத் திருட்டு ஃபைலுக்கும் ஒரே மாதிரி எச்சரிக்கை காட்டினால், அம்மா எப்படிப் பிரித்துப் பார்ப்பார்?

எஸ்பிரோடு_சர்வீஸ்:
சரி, பிரித்துக் காட்டட்டும். அந்தக் கடையில் எடுத்த ஆப்பால் காசு போனால் யார் பொறுப்பு என்பது எழுத்தில் இருக்கட்டும். அப்புறம் என்னிடம் வருகிற போனில் நானே போட்டுத் தருகிறேன்.