ஷாக் (ஷகீல் ஓ'நீல்) வந்தபின் பீனிக்ஸ் சன்ஸ் கூடைப்பந்து அணியின் வேகம் குறைந்தது ஏன்?

கேள்வி

அமெரிக்காவின் என்பிஏ கூடைப்பந்து லீக்கில் 2004-05 பருவத்தில் மைக் டி'ஆன்டோனியின் பயிற்சியில் பீனிக்ஸ் சன்ஸ் அணி 62 ஆட்டங்களை வென்றது. பந்து கையில் வந்தபின் எறிவதற்கு ஷாட் கிளாக் தரும் 24 வினாடிகளில் முதல் ஏழெட்டு வினாடிகளுக்குள்ளேயே கூடையை நோக்கிப் பந்தை எறிந்துவிடுவதுதான் அவர்களுடைய முறை. ஓர் ஆட்டத்துக்குச் சராசரியாக 110 புள்ளிகளுக்கு மேல் எடுத்தார்கள். 2008 பிப்ரவரியில் ஷான் மேரியனைக் கொடுத்து ஷகீல் ஓ'நீலை வாங்கினார்கள். அந்தப் பருவம் முடிந்ததும் டி'ஆன்டோனி நியூயார்க் நிக்ஸுக்குப் போய்விட, டெர்ரி போர்ட்டர் பயிற்சியாளராக வந்தார். பந்தைக் கொண்டுவந்து ஆட்டத்தை நடத்தும் பாயின்ட் கார்டாக அதே ஸ்டீவ் நாஷ், அவரிடம் பாஸ் வாங்க அதே அமாரே ஸ்டவுடமயர், துணைக்கு லியான்ட்ரோ பார்போசா என்று பழைய ஆட்கள் பலர் இருந்தும் பழைய ஓட்டம் இல்லை. 36 வயதை நெருங்கிய, 147 கிலோ எடையுள்ள ஒரு சென்டர் (கூடையருகே ஆடும் உயரமான ஆட்டக்காரர்) வந்தால் வேகம் குறையத்தானே செய்யும் என்று பலரும் சொல்கிறார்கள். ஐந்து பேர் ஆடும் ஆட்டத்தில் ஒருவருடைய கால்கள் அணி முழுவதையும் பிடித்து இழுத்துவிட முடியுமா? விளையாட்டின் நுணுக்கம் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மறுமொழி 1

யார் வந்தார் என்று பார்க்கும் அளவுக்கு யார் போனார் என்று நாம் பார்ப்பதில்லை. 2005-06 பருவத்தில் மேரியன் ஆட்டத்துக்கு 11.8 ரீபவுண்டுகள் (கூடையில் விழாமல் திரும்பும் பந்தைப் பிடிப்பது) எடுத்தார். அவருடைய உயரம் 6 அடி 7 அங்குலம்தான். அந்த உயரத்தில் சென்டர்களுக்கு நிகராக ரீபவுண்டு எடுத்த ஒருவர், பந்தை நாஷிடம் தள்ளிவிட்ட மறுகணமே எதிர்க் கூடையை நோக்கி மற்றவர்களுக்கு முன்னால் ஓடவும் செய்தார். பந்தைப் பிடிப்பதும் அவரே, ஓட்டத்தின் முனையில் நிற்பதும் அவரே என்பதால், ஒரே ஆளைக் கொண்டு இரண்டு வேலைகள் நடந்தன. அவர் போனபின் ரீபவுண்டு எடுப்பவர் வேறு, ஓடுபவர் வேறு என்று ஆகிவிட்டது. ஷாக் முழு வேகத்தில் ஓடக்கூடியவராகவே இருந்திருந்தாலும் இந்த இழப்பு இழப்புதான்.

மறுமொழி 2

முந்தைய நண்பர் சொன்னது சரி. நான் கல்லூரி மாணவர்களுக்குப் பயிற்சி அளிப்பவன் என்பதால், அதற்கு ஒரு படி முன்னால் நடப்பதைச் சொல்கிறேன். வேகம் கால்களில் தொடங்குவதாகத்தான் பார்ப்பவர்களுக்குத் தோன்றும். உண்மையில் அது ரீபவுண்டு எடுத்தவருடைய கைகளில் தொடங்குகிறது. பந்தைப் பிடித்தவர் அதை மார்புக்கு இறக்கி, இருபுறமும் பார்த்து, பாயின்ட் கார்டு தன்னருகே வந்து கையை நீட்டும் வரை காத்திருந்தால் இரண்டு மூன்று வினாடிகள் போய்விடும். எதிரணியின் ஐந்து பேரும் திரும்பி ஓடித் தங்கள் கூடைக்குக் கீழே நிற்க அந்த நேரம் போதும். காற்றில் இருக்கும்போதே பக்கக்கோட்டின் பக்கம் திரும்பி, காலை ஊன்றியவுடன் அங்கே நிற்பவருக்கு பாஸ் கொடுத்துவிட்டால், எதிரணி திரும்பும் முன்பே பந்து பாதிக் களத்தைத் தாண்டியிருக்கும். இதற்கு அந்தப் பக்கக்கோட்டருகே ஒருவர் முன்கூட்டியே போய் நிற்க வேண்டும்; மற்ற இருவர், பந்து தங்களுக்கு வராது என்று தெரிந்தாலும், இரண்டு மூலைகளுக்கும் ஓட வேண்டும். பத்து முறை ஓடி ஒருமுறைதான் பந்து கிடைக்கும் என்ற நிலையிலும் பதினோராவது முறை ஓடுகிறவர்கள் இருந்தால்தான் எதிரணி விரியும், நாஷ் நடுவில் புகுந்து போக வழி கிடைக்கும்.

போர்ட்டர் வந்தபின் இந்தப் பழக்கம்தான் விட்டுப்போயிற்று என்பது என் கருத்து. கூடையருகே ஷாக் வந்து நிலைகொள்ளும் வரை பொறுத்து, பந்தை அவரிடம் இறக்கி ஆட வேண்டும் என்பது திட்டமானால், மூலைக்கு ஓடுவதற்கு யாருக்கும் காரணம் இருக்காது. ஓடாமல் நிற்பவர்களைப் பார்த்தபின் நாஷும் நடந்துதான் வருவார்.

ஷாக்கின் எடை மட்டுமே காரணமில்லை என்பதற்குச் சான்றும் இருக்கிறது. 2009 பிப்ரவரியில் போர்ட்டரை நீக்கி ஆல்வின் ஜென்ட்ரியை நியமித்தார்கள். பழையபடி ஓடுங்கள் என்று அவர் விட்டவுடன் அடுத்தடுத்த மூன்று ஆட்டங்களில் 140, 142, 140 என்று புள்ளிகள் குவிந்தன. ஷாக் அப்போதும் அதே அணியில்தான் இருந்தார்.

மறுமொழி 3

ஐயா, அந்த மூன்று ஆட்டங்களை வைத்து அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியுமா என்று எனக்குத் தயக்கம் இருக்கிறது. முதல் இரண்டும் லாஸ் ஏஞ்சலஸ் கிளிப்பர்ஸுக்கு எதிராக, மூன்றாவது ஓக்லஹோமா சிட்டி தண்டருக்கு எதிராக. அந்தப் பருவத்தில் கிளிப்பர்ஸ் வென்றவை 19 ஆட்டங்கள், தண்டர் வென்றவை 23. அதே வாரத்தில் ஸ்டவுடமயருக்குக் கண்ணில் அடிபட்டு அறுவை சிகிச்சை செய்ய நேர்ந்தது என்பது உண்மை. ஆனாலும் 46 வெற்றிகளோடு சன்ஸ் ப்ளேஆஃப் (பருவத்தின் முடிவில் நடக்கும் வெளியேற்றுச் சுற்றுகள்) வாய்ப்பை இழந்ததற்கு அது மட்டும் காரணமில்லை. எதிரணியைத் தடுக்க முடியாத அணி ஓடவும் முடியாது. எதிரணி கூடையில் போட்டுவிட்டால் பந்தை வலையிலிருந்து எடுத்து, கோட்டுக்கு வெளியே நின்று உள்ளே கொடுத்துத்தான் தொடங்க வேண்டும். தவறிய பந்தைப் பிடித்து ஓடும்போது கிடைக்கும் முந்துதல் அதில் கிடைக்காது.

போர்ட்டரின் பக்கமும் நியாயம் உண்டு. 2005, 2007, 2008 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் சன்ஸை ப்ளேஆஃப்பில் வீழ்த்தியது சான் அன்டோனியோ ஸ்பர்ஸ். வேகத்தைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்தாவது ஸ்பர்ஸின் டிம் டங்கனை நிறுத்த ஓர் உடல் வேண்டும் என்று நிர்வாகம் நினைத்ததில் தவறில்லை. தற்காப்பும் தேறாமல் ஓட்டமும் போனதுதான் வேதனை.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் நன்றி. நாஷின் வயதையும் ஒரு காரணமாகக் கொள்ளலாமா? அப்போது அவருக்கு 35 ஆகியிருந்தது.

மறுமொழி 2

வயதைக் காரணமாக்க முடியாது. 2009-10 பருவத்தின் நடுவே நாஷுக்கு 36 நிறைந்தது. அந்தப் பருவத்தில் ஆட்டத்துக்கு 11 அசிஸ்ட்டுகள் (சக ஆட்டக்காரர் கூடையில் போட உதவும் பாஸ்கள்) கொடுத்து லீக்கிலேயே முதலிடம் பிடித்தார். ஷாக் கிளீவ்லாண்டுக்குப் போய்விட்டார். மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே நின்று எறியக்கூடிய உயரமான ஆட்டக்காரராக சானிங் ஃப்ரை வந்தார். அணி 54 ஆட்டங்களை வென்று, அந்த ஸ்பர்ஸையே 4-0 என்று வீழ்த்தி, மேற்குப் பிரிவின் இறுதிச் சுற்று வரை போனது.

அந்த இறுதிச் சுற்றுத் தொடரின் நான்காவது ஆட்டத்தை, கிடைத்தால் முழுவதுமாகப் பாருங்கள். கோரன் டிராகிச், பார்போசா, ஜாரெட் டட்லி, ஃப்ரை ஆகிய மாற்று ஆட்டக்காரர்கள்தான் லேக்கர்ஸுக்கு எதிரான அந்த 115-106 வெற்றியின் முதுகெலும்பு. மாற்று ஆட்டக்காரர்கள் மட்டுமே 50 புள்ளிகளுக்கு மேல் எடுத்தார்கள். நாஷ் இளைப்பாறும் நிமிடங்களிலும் ஓட்டம் நிற்காமல் இருக்க இப்படி ஓர் இரண்டாம் அணி வேண்டும். பந்தைப் பார்க்காதீர்கள், பந்து இல்லாத மூலையில் டட்லி எப்போது ஓடத் தொடங்குகிறார் என்று கவனியுங்கள்.