குண்டுமல்லி புதராக வளர்கிறது, மொட்டு மட்டும் வரவில்லை

மாடிப்பசுமை:
வணக்கம். தொட்டியில் ஒரு குண்டுமல்லி இருக்கிறது. வாங்கி வந்த புதிதில் நன்றாகவே பூத்தது, இப்போது இலையும் கிளையுமாகத் தழைத்துக்கொண்டே போகிறதே தவிர மொட்டு எட்டிக்கூடப் பார்க்கவில்லை. காலையில் சுமார் மூன்று மணி நேரம் வெயில், அப்புறம் சுவர் நிழல். மாதம் ஒரு முறை கொஞ்சம் யூரியா, தினமும் தண்ணீர். கொஞ்ச நாளாக இலைகள் வேறு மஞ்சளாகின்றன. எப்சம் உப்பு போட்டால் சரியாகிவிடும் என்கிறார் ஒருவர், பாதிச் செடியை வெட்டித் தள்ளு என்கிறார் இன்னொருவர். இவ்வளவு வளர்ந்ததை வெட்ட மனசு வரவில்லை. எதை முதலில் செய்வது?

வேர்க்கால்:
யூரியாவை நிறுத்துங்கள், அதுதான் முதல் வேலை. வெறும் தழைச்சத்தாகக் கொடுத்தால் மல்லி இலைதான் போடும். அடுத்தது வெயில். ஆறு மணி நேரமாவது நேரடியாக விழ வேண்டும். தொட்டியை நகர்த்த வழியில்லை என்றால் கீழே சொல்வதற்கெல்லாம் பாதிப் பலன்தான் கிடைக்கும்.

கவாத்துக்கு, அதாவது கிளைகளை வெட்டிவிடுவதற்கு, பயப்படாதீர்கள். மல்லி மொட்டு வைப்பது புதுத் துளிரில்தான், பழைய கிளை எத்தனை அடி நீண்டாலும் அது வெறும் கொம்பு. வயலில் வளர்ப்பவர்கள் தரையிலிருந்து 50 செ.மீ. உயரத்தில் மொத்தமாக வெட்டிவிடுவார்கள். தொட்டியில் மூன்றில் ஒரு பங்கில் தொடங்கிப் பாதி வரை எடுக்கலாம். காய்ந்த குச்சி, உள்பக்கம் பார்த்து வளர்வது, ஒன்றோடொன்று உரசுவது எல்லாம் முதலில் போகட்டும், அப்புறம் உயரத்தைக் குறையுங்கள். வெட்டுவதற்குச் சில நாள் முன்பே தண்ணீரைக் குறைத்துவிடுங்கள், மிச்சமிருக்கும் இலைகளையும் உருவிவிடுங்கள். பிறகு மேல்மண்ணைக் கிளறி மக்கிய தொழு உரம் போட்டுத் தண்ணீர் விட்டால் துளிர் வரும். மொட்டு தெரிய ஒன்றரை மாதம் ஆகலாம், அதற்குள் பதறி வேறு உரம் கொட்டாதீர்கள்.

இலைநுனி:
மஞ்சள் என்று மட்டும் சொன்னால் எப்படி? எந்த இலை? அடி இலையா, நுனித் துளிரா? நரம்பும் சேர்ந்து வெளுக்கிறதா?

மாடிப்பசுமை:
நுனியில் வரும் புது இலைகள்தான். நரம்பு மட்டும் பச்சையாக இருக்கிறது, நடுப்பகுதி வெளிர் மஞ்சள். அடி இலைகள் நன்றாக இருக்கின்றன. ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர்தான் விடுகிறேன், தொட்டி விளிம்பில் வெள்ளையாகப் படிந்திருக்கிறது.

இலைநுனி:
அப்படியென்றால் எப்சம் உப்பை எடுத்து வைத்துவிடுங்கள். அது மெக்னீசியம், அந்தச் சத்து குறைந்தால் முதலில் அடி இலைதான் மஞ்சளாகும். உங்களுடையது இரும்புச்சத்துக் குறை. மண்ணில் இரும்பு இல்லாமல் இருக்காது, உப்புத் தண்ணீர் விட்டு விட்டு மண் காரமாகிப்போனதால் வேரால் எடுக்க முடிவதில்லை. அன்னபேதி (ஃபெரஸ் சல்பேட் என்ற இரும்பு உப்பு) லிட்டருக்கு 5 கிராம் கரைத்து வெயில் தாழ்ந்த பிறகு இலையில் தெளியுங்கள், துளிர் பச்சையாகும் வரை மாதம் ஒரு முறை. ஆனால் கவாத்து முடிந்து புது இலை வந்த பிறகு, மொட்டைக் குச்சியில் தெளித்து என்ன பயன்! மழைநீர் பிடிக்க முடிந்தால் அதையே விடுங்கள்.

அந்திப்பூ:
இலையை முழுக்க உருவுவதில் எனக்கு உடன்பாடில்லை. வயலில் வேர் ஆழமாக ஓடியிருக்கும், தாங்கும். ஏற்கெனவே வெளுத்துப்போன தொட்டிச் செடியில் கொஞ்சம் இலையை விட்டு வையுங்கள். தினமும் தண்ணீர் என்பதும் வேண்டாம், மேல்மண் ஒரு அங்குலம் காய்ந்திருக்கிறதா என்று விரலை விட்டுப் பார்த்து ஊற்றுங்கள், அடித்தட்டில் தேங்க விடாதீர்கள்.

மொட்டு வந்த பிறகுதான் மொட்டுப்புழு வரும். மொட்டுகள் ஊதா நிறமாகி, துளை விழுந்து, மெல்லிய நூலால் ஒட்டிக்கொண்டிருந்தால் அவற்றைக் கிள்ளி அழித்துவிடுங்கள், செடியடியில் போடாதீர்கள். லிட்டருக்கு 5 மி.லி. வேப்பெண்ணெயைச் சோப்புக் கரைசலில் கலந்து மாலையில் அடிக்கலாம். அன்னபேதியோடு கலக்க வேண்டாம், தனித்தனி நாளில் அடியுங்கள். இலையின் அடியில் செம்பேன் (சாறு உறிஞ்சும் மிகச் சிறிய சிவப்புச் சிலந்தி) தெரிந்தால் முதலில் வேகமாகத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவிப் பாருங்கள்.

வேர்க்கால்:
வெளுத்த செடியில் கொஞ்சம் இலையை விட்டு வைப்பது சரிதான், நான் மஞ்சளைக் கணக்கில் எடுக்காமல் பொதுவாகச் சொன்னேன்.

மாடிப்பசுமை:
தொட்டியை மறுபக்கம் நகர்த்தலாம், மதியம் வரை வெயில் கிடைக்கும். வெட்டிய கிளைகளில் புதுச் செடி வருமா?

அந்திப்பூ:
தாராளமாக. குண்டுமல்லி விதை வைப்பதே அபூர்வம், பதியனும் (கிளையை வெட்டாமலே மண்ணில் புதைத்து வேர்விட வைப்பது) போத்தும்தான் (வெட்டிய குச்சியை நடுவது) வழி. ரொம்ப முற்றாத, ரொம்பப் பிஞ்சும் இல்லாத குச்சியை ஒரு சாண் நீளத்துக்கு வெட்டி, இரண்டு கணு மண்ணுக்குள் போகும்படி நட்டு, ஈரம் காயாமல் நிழலில் வையுங்கள். துளிர் வந்ததும் பிடுங்கிப் பார்க்காதீர்கள், வேருக்கு முன்பே துளிர் வந்துவிடும். லேசாக இழுத்தால் பிடிமானம் தெரிய வேண்டும், அப்போதுதான் தொட்டி மாற்றலாம்.