கடுகண்ணாவை இறக்கத்தில் ட்ரெயிலர் சில்லு சூடேறுகிறது: மின்சார வான் வைத்திருப்பவர்கள் உதவுங்கள்

வெள்ளவத்தை கிடாரத்துக்காரி:
வணக்கம். நாங்கள் கல்யாண வீடுகளுக்கும் கோயில் விசேஷங்களுக்கும் சமைத்துக் கொடுப்பவர்கள். டீசல் வானை விற்றுவிட்டு 40 கிலோவாட் மணி பற்றரி உள்ள மின்சார வான் ஒன்று எடுத்தோம். கிடாரம், அடுப்பு, கேஸ் சிலிண்டர் எல்லாம் பின்னால் ட்ரெயிலரில் வரும். சாமானோடு 600 கிலோ. ஓவர்ரன் பிரேக் உள்ளது. வான் வேகம் குறையும்போது ட்ரெயிலர் முன்னால் வந்து கொக்கியை அழுத்தும், அந்த அழுத்தத்தில் அதன் பிரேக் பிடிக்கும்.

மாசிமகத்துக்கு மாத்தளை முத்துமாரியம்மன் கோயில் அன்னதானத்துக்குப் போனோம். திரும்பும்போது கடுகண்ணாவை இறக்கம் முழுக்க பி கியரில் (மோட்டாரே வேகத்தைக் குறைக்கும் நிலை), பிரேக் பெடலைத் தொடாமலே இறங்கினேன். மாவனெல்லையில் தேத்தண்ணீருக்கு நிறுத்தினால் தீய்ந்த மணம். இடது சில்லின் நடுவில் தண்ணீர் தெளித்தேன். தோசைக்கல்லில் விழுந்ததுபோல் சீறியது. வலது சில்லைக் கையால் தொட முடிந்தது. அந்தச் சூட்டிலிருந்து ஒரு முழம் தள்ளி 12.5 கிலோ சிலிண்டர்கள் நான்கு நின்றன. அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை.

இன்னொன்று. போகும்போது முழுச் சார்ஜில் புறப்பட்டும் கடுகண்ணாவை உச்சியில் 17 சதவீதம்தான் மீதி. ட்ரெயிலர் இல்லாமல் போனால் 40க்கு மேல் இருக்கும். டீசல் வானில் இதே ட்ரெயிலரை இழுத்தபோது சூடு வந்ததே இல்லை. வானில் பிழையா, ட்ரெயிலரில் பிழையா?

தெஹிவளை ஓட்டுநர்:
பி கியர்தான் காரணம் அக்கா. சாதாரண டி கியரில் விட்டு, பெடலால் பிரேக் பிடித்து இறங்குங்கள். சரியாகிவிடும்.

கிராண்ட்பாஸ் கராஜ்:
தம்பி சொல்வதைச் செய்ய வேண்டாம் தங்கச்சி. இரண்டு டன் வானை அந்த இறக்கத்தில் வெறும் பெடலால் பிடித்துக்கொண்டே வந்தால் வானின் பிரேக் காய்ந்துவிடும். அளவுக்கு மீறிச் சூடேறிய பிரேக் வேலை செய்யாது. உங்கள் நிலைமையில் அதைவிட ஆபத்து இல்லை.

ஆனால் தம்பி தொட்ட இடம் சரியான இடம். பி கியரில் மோட்டாரே வானைப் பின்னுக்கு இழுத்துப் பிடிக்கிறது. அது இறக்கம் முடியும்வரை விடாது. அதனால் ட்ரெயிலரும் அவ்வளவு நேரமும் கொக்கியை அழுத்திக்கொண்டே வருகிறது. டீசல் வானில் நீங்கள் பெடலை மிதித்து மிதித்து விட்டிருப்பீர்கள். நடுவில் ட்ரெயிலர் பிரேக்குக்கு ஆற நேரம் கிடைத்தது. இப்போது அந்த ஓய்வு இல்லை, எப்போதோ இருந்த பழுது வெளியே வந்திருக்கிறது.

பழுது என்று ஏன் சொல்கிறேன்? ஒரு சில்லு மட்டும் சூடு. அழுத்தம்தான் காரணம் என்றால் இரண்டும் சுட வேண்டும். ட்ரெயிலரைக் கழற்றி ஜாக்கியில் தூக்கி, ஹேண்ட்பிரேக்கை விட்டுவிட்டு, இடது சில்லைக் கையால் சுழற்றுங்கள். பிறகு ஹேண்ட்பிரேக்கை இழுத்து விட்டு மறுபடி சுழற்றுங்கள். இரண்டாம் முறை மட்டும் இறுக்கமாக இருந்தால் பிரேக்கை இழுக்கும் கேபிளில் பழுது. இரண்டு முறையும் இறுக்கம் என்றால் உள்ளே பிரேக் ஷூ (சில்லை உரசிப் பிடிக்கும் கட்டை) கூடுதலாக முறுக்கப்பட்டிருக்கிறது. ட்ரெயிலரை எங்கே நிறுத்துகிறீர்கள்?

வெள்ளவத்தை கிடாரத்துக்காரி:
மரைன் டிரைவ் பக்கம், வீட்டுக்கு வெளியே. கடல் எதிரேதான்.

கிராண்ட்பாஸ் கராஜ்:
அப்போது உப்புக் காற்றில் துருப்பிடித்திருக்கும், எனக்குக் கேபிள் மேல்தான் சந்தேகம்.

பேராதனைவாசி:
சார்ஜ் பற்றிச் சொல்கிறேன். எல்லோரும் மலையைக் குற்றம் சொல்வார்கள். கணக்குப் பார்த்தால் 600 கிலோவை 500 மீற்றர் உயரத்துக்கு ஏற்ற 0.8 கிலோவாட் மணி போதும். உங்கள் பற்றரியில் 2 சதவீதம். ரயர் உருளும் இழுவை 100 கிலோமீற்றருக்கு இன்னொரு 2 கிலோவாட் மணி அளவில் வரும். மிச்சத்தைக் காற்று தின்றிருக்கும், இல்லையென்றால் அந்த இடது பிரேக் வழி முழுக்க உரசியிருக்கும். கிடாரங்களை வானை விட உயரமாக அடுக்கி மேலே படங்கு கட்டுகிறீர்களா?

வெள்ளவத்தை கிடாரத்துக்காரி:
ஆம், ஒன்றரை அடி உயர்ந்து நிற்கும். படங்கு காற்றில் அடித்துக்கொள்ளும்.

பேராதனைவாசி:
கிடாரங்களை ஒன்றுக்குள் ஒன்று வைத்துத் தாழ்த்துங்கள், படங்கை இழுத்துக் கட்டுங்கள். அப்புறம், கண்டியில் சார்ஜ் செய்தால் நிரம்பும்வரை விடாதீர்கள். பற்றரி நிரம்பியிருந்தால் இறக்கத்தில் மோட்டார் திருப்பி அனுப்பும் மின்சாரத்துக்கு இடம் இல்லை, பி கியரின் பிடி குறைந்துவிடும். 85 போதும்.

வெள்ளவத்தை கிடாரத்துக்காரி:
மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும், வேலை அதிகம்.

கராஜ் அண்ணா சொன்னபடி சுழற்றினேன். முதல் தடவை சில்லு லேசாக ஓடியது. ஹேண்ட்பிரேக்கை இழுத்து விட்ட பிறகு அரைச் சுற்றுக்கூட வரவில்லை. கேபிளைக் கழற்றி உறையை வளைத்தபோது செம்மண் மாதிரித் துரு கொட்டியது. இழுத்தால் போகிறது, திரும்பி வரவில்லை. பஞ்சிகாவத்தையில் அளவு கொடுத்து இரண்டு பக்கத்துக்கும் புதிய கேபிள் வாங்கினோம். வேலை செய்த மெக்கானிக் பாஸ் முதலில் ஷூவைச் சரிசெய்துவிட்டுத்தான் கேபிளை முறுக்கினார்.

நேற்று அதே பாரத்தோடு, தாழ்த்திக் கட்டி, கண்டிக்குப் போய் வந்தோம். உச்சியில் 29 சதவீதம் இருந்தது. இறங்கியதும் இரண்டு சில்லையும் தொட்டுப் பார்த்தேன். இளஞ்சூடுதான், இரண்டும் ஒரே மாதிரி. உங்கள் எல்லோருக்கும் என் நன்றி.

கிராண்ட்பாஸ் கராஜ்:
சந்தோஷம் தங்கச்சி. ஒரு வேலை மிச்சம் இருக்கிறது. தண்ணீர் சீறுகிற அளவுக்குச் சுட்ட சில்லில் பெயரிங் கிரீஸ் உருகி வெளியேறியிருக்கும். இடது பக்கத்தைத் திறந்து பாருங்கள். பெயரிங் நீலம் பாய்ந்திருந்தால் கிரீஸ் போட்டுச் சமாளிக்க வேண்டாம், மாற்றிவிடுங்கள். கொக்கியில் நிற்கும் பாரத்தையும் குளியலறைத் தராசு வைத்து நிறுத்துப் பாருங்கள். 30 கிலோவுக்குக் கீழே போனால் ட்ரெயிலர் வாலாட்டும். 42ஐத் தாண்டினால், முன் சில்லு இழுக்கும் வானாக இருந்தால், மழையில் ஏற்றத்தில் வழுக்கும்.

வெள்ளவத்தை கிடாரத்துக்காரி:
தராசில் 22 காட்டியது அண்ணா. சிலிண்டர்களை முன்பக்கம் நகர்த்தி 36க்குக் கொண்டுவந்தோம், இப்போது சில்லிலிருந்தும் தூரம். பெயரிங் நாளை திறக்கிறோம். வெள்ளிக்கிழமை நீர்கொழும்பில் கல்யாணம் இருக்கிறது, அதற்கு முன் முடித்துவிடுவேன்.