புதுப்பிப்பு: திருவையாறு போயிட்டு வந்துட்டேன்

தியாகராஜர் ஆராதனைக்கு (கர்நாடக சங்கீத மேதை தியாகராஜரோட நினைவா வருஷா வருஷம் அவரு சமாதில நடக்குற இசை விழா) முதல் தடவையா போறேன், எப்ப போனா இடம் கிடைக்கும்னு போன வாரம் கேட்டிருந்தேன்ல, விடியக்காலைலயே போயிடுன்னு சொன்னவங்களுக்கு ரொம்ப நன்றி, பந்தல்ல நடுவுலயே உக்காந்துட்டேன். எல்லாரும் சேந்து பாடுற பஞ்சரத்தின கீர்த்தனைங்க, அதாவது அஞ்சு ராகத்துல தியாகராஜர் பண்ணுன அஞ்சு பாட்டு, நாட்டைல ஆரம்பிச்சு கௌளை, ஆரபி, வராளின்னு போய் கடைசியா ஸ்ரீ ராகம் வந்தப்ப பக்கத்துல இருந்த பாட்டி கண்ண மூடிக்கிட்டு தொடைல ஆதி தாளம் போட்டுக்கிட்டே முழுசா பாடுனாங்க, மடில இருந்த புக்கைத் திறக்கவே இல்ல. சபால (கச்சேரி அரங்குல) கேக்குறது வேற, இத்தன குரலும் ஒண்ணா ஸ்வரம் (ஸரிகம) பாடி சாகித்யத்துக்கு (பாட்டு வரிக்கு) வர்றது வேற, இன்னும் காதுலயே இருக்கு!! முடிஞ்சதும் தியாகராஜர் சமாதி எதிர்ல பாடகி பெங்களூர் நாகரத்தினம்மா சிலைகிட்ட கொஞ்ச நேரம் நின்னேன், பொம்பளைங்கள அங்க பாடவே விடாத காலத்துல, 1920கள்ல, அந்த சமாதிக் கோயில சொந்தக் காசுல கட்டுனவங்க அவங்க. அடுத்த வருஷம் அம்மாவையும் கூட்டிட்டுப் போறேன்.