தேக்கு நிலை, ஜன்னலில் பழைய பெயிண்டை எடுத்துவிட்டு ஸ்டெயின் அடிக்க என்ன வழி?

கேள்வி
வணக்கம். 1960-களில் கட்டிய வீடு. உள் நிலைகள், ஜன்னல் சட்டங்கள் எல்லாம் தேக்கு என்கிறார்கள். மேலே நாலைந்து கோட் எனாமல், அடியில் இளஞ்சிவப்பு பிரைமர். எல்லாவற்றையும் எடுத்து ஸ்டெயினும் (மரத்துக்குள் ஊறும் நிறம்) வார்னிஷும் அடிக்க வேண்டும். காஸ்டிக் சோடா கரைத்துப் பூசினால் ஒரே நாளில் உரிந்துவிடும் என்கிறார் பெயிண்டர். மெஷினில் தேய்த்துவிடலாம் என்கிறார் ஆசாரி. எது சரி?

பதில் 1
இரண்டுமே வேண்டாம் சார். காஸ்டிக் பட்டால் தேக்கு கறுத்து நார் எழும்பும். ஜாயின்ட்டுக்குள் இறங்கிய காரம் கழுவினாலும் முழுசாகப் போகாது. பிறகு அங்கே வார்னிஷ் உரியும். மெஷின் சூட்டில் பெயிண்ட் இளகி உப்புத்தாளை அடைத்துக்கொள்ளும், தூள் வீடெங்கும் பறக்கும். அந்தக் காலத்து எனாமலில் ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம். பெயிண்டில் ஈயத்துக்கு 90 பிபிஎம் (பத்து லட்சத்தில் 90 பங்கு) என்ற வரம்பே இந்தியாவில் 2017 நவம்பரில்தான் அமலுக்கு வந்தது. வேலை முடிந்து தரையை ஈரத்துணியால் துடைத்து எடுக்கும்வரை குழந்தைகளும் கர்ப்பிணிகளும் அந்தப் பக்கம் வரக்கூடாது.

முதலில் ஒரு கீலைக் கழற்றி அடியில் சுரண்டிப் பாருங்கள். நிலை தேக்காக இருந்தாலும் ஜன்னல் வேறு மரமாக இருக்கலாம். அப்படியிருந்தால் ஸ்டெயின் ஒரே நிறமாகப் பிடிக்காது. அதற்கு மறுபடி பெயிண்டே நல்லது.

தட்டையான இடத்துக்கு ஹீட் கன் (சூடான காற்றை ஊதும் கருவி). 400 டிகிரி செல்சியஸைத் தாண்ட வேண்டாம். இரண்டு அங்குலம் தள்ளிப் பிடித்து நகர்த்திக்கொண்டே இருங்கள். பெயிண்ட் கொப்பளித்ததும் பட்டித் தகட்டைச் சாய்த்து மரத்தின் ரேகைப் போக்கில் தள்ளுங்கள். புகை வந்தால் சூடு அதிகம். தகட்டின் இரு முனையையும் அரத்தால் மழுக்கிவிடுங்கள். இல்லையென்றால் கீறல் விழும், அந்தக் கீறலில் ஸ்டெயின் கறுப்பாக இறங்கும்.

பதில் 2
கண்ணாடி ஓரத்தில் ஹீட் கன் காட்டினால் கண்ணாடி விரிசல் விடும். அங்கேயும் செதுக்கு வேலையிலும் ஜெல் ரிமூவர் (பெயிண்டை இளக்கும் ரசாயனக் களிம்பு)தான். தடிமனாக ஒரே போக்கில் பூசி, காயாமல் பாலிதீன் போட்டு மூடி, 20 நிமிடம் கழித்து மூங்கில் சிம்பால் கிளறி எடுங்கள். ஜன்னல் திறந்திருக்க வேண்டும், ரப்பர் கையுறை கட்டாயம். ஹீட் கன் வேலை முழுக்க முடிந்த பிறகே ரிமூவர். ரிமூவர் பட்ட இடத்தில் சூடு காட்டினால் நச்சு வாயு கிளம்பும்.

கேட்டவர்
நன்றி. ரேகைக்குள் கொஞ்சம் பிரைமர் நின்றுபோனால் ஸ்டெயின் அதை மறைத்துவிடாதா?

பதில் 3
மறைக்காது. ஸ்டெயின் மரத்தின் துளைக்குள் ஊறினால்தான் நிறம் கொடுக்கும். துளையை பிரைமர் அடைத்திருந்தால் அந்த இடம் வெளிறிய கோடாகத் துருத்தித் தெரியும். காய்ந்த மரத்தில் இது கண்ணுக்குப் படாது. டர்பன்டைன் நனைத்த துணியால் துடைத்து, பக்கவாட்டில் டார்ச் அடித்துப் பாருங்கள். மரம் தேன் நிறமாக மாறும்போது மிச்ச பிரைமர் மட்டும் வெளுப்பாக நிற்கும். அங்கே மெல்லிசாக இன்னொரு கை ரிமூவர் போட்டு, பித்தளைக் கம்பி பிரஷால் ரேகையோடு தேயுங்கள். இரும்பு பிரஷ் வேண்டாம், உதிர்ந்த துகள் ஈரம் பட்டதும் கரும்புள்ளியாகும்.

பிறகு கையால் 100, 150, 180 நம்பர் உப்புத்தாள். அதற்கு மேல் வழவழப்பாக்கினால் ஸ்டெயின் ஊறாது. தேக்கில் எண்ணெய்ப் பசை உண்டு என்பதால், ஸ்டெயினுக்குச் சற்று முன் தின்னர் துணியால் ஒரு துடை. ஸ்டெயினைப் பூசி ஐந்து நிமிடத்தில் மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள். ஆணித் துளைக்குப் பட்டியை ஸ்டெயின் காய்ந்த பின், அதே நிறம் கலந்து வையுங்கள். வெள்ளைப் பட்டி ஸ்டெயினை வாங்காது.