மறு: மாசெதிர் பாசிச்சேர்மம் – வேறு சொல் தேவை

மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து, தமிழ்ப்பள்ளி ஆசிரியை:

அனைவருக்கும் வணக்கம். ஐந்தாம் ஆண்டு மாணவர்களின் அறிவியல் விழாப் பதாகை வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. புகைமூட்டத்தில் வரும் 2.5 மைக்ரோமீட்டருக்கு உட்பட்ட நுண்துகள்கள் தோலின் உயிரணுக்களைச் சிதைக்கின்றன. பழுப்புக் கடற்பாசியில் உள்ள எக்கோல், ஃபுகாய்டன் போன்ற சேர்மங்கள் அந்தச் சிதைவைக் குறைக்கின்றன. இவற்றுக்குப் பொதுப்பெயராக 'மாசெதிர் பாசிச்சேர்மம்' என்று எழுதினேன். வாசித்த மாணவி 'பாசிச' என்பதோடு நிறுத்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். நல்ல சொல்லாகத் தாருங்கள்.

ஈப்போவிலிருந்து, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

அம்மா, சிக்கல் சேர்மத்தில் இல்லை, பாசியில் இருக்கிறது. பச்சை, பைங்கிளி, பாசிப்பயறு, பாசி எல்லாம் ஒரே வேர். அப்படியிருக்கப் 'பழுப்புப் பாசி' எப்படிப் பொருந்தும்? குறுந்தொகை 399-இல் பரணர், பிரிவால் தலைவியின் மேனியில் படரும் பசலைக்கு ஊருண் கேணியின் பாசியை உவமை சொல்கிறார். தொடுமிடமெல்லாம் விலகும்; விட்ட இடமெல்லாம் மீண்டும் படரும். பசலையும் அதே வேர்தான். மேனியின் வாட்டத்துக்கு உவமையான சொல்லை மேனியைக் காப்பதற்கு வைக்கலாமா? 'கடற்பூண்டு' என்க.

கிள்ளானிலிருந்து, மொழிபெயர்ப்பாளர்:

ஐயா, எள்ளின் நெய்தான் எண்ணெய். நம்மைச் சுற்றிலும் செம்பனை எண்ணெய் ஆலைகள். அந்தப் பெயரை யாரும் முரண் என்பதில்லை. பூண்டு என்றால் பிள்ளைகளுக்கு ரசத்தில் தட்டிப் போடுவதுதான் நினைவுக்கு வரும். மண்டபத்திலும் பாம்பனிலும் பெண்கள் முங்கி எடுப்பதைப் பாசி என்றே சொல்கிறார்கள்; உழைப்பவர் வாயில் இருக்கும் சொல்லை நாம் ஏன் விடவேண்டும்? 'கடற்பாசிக் காப்புப்பொருள்' என்று வைக்கலாம். தோட்டத்துக் கோயில் திருவிழாவில் மஞ்சள் கயிற்றில் காப்புக் கட்டுவதைப் பார்த்து வளரும் பிள்ளைக்கு அந்தச் சொல்லை விளக்கவே வேண்டாம்.

சென்னையிலிருந்து, உயிர்வேதியியல் படித்தவர்:

'காப்பு' அளவுக்கு மீறிய வாக்குறுதி. இதற்கான சான்று பெரும்பாலும் ஆய்வுக்கூடத்தில் வளர்த்த செல்களில் கிடைத்தது. நுண்துகளால் பெருகி செல்களைச் சிதைக்கும் வினைமிகு ஆக்சிஜனை எக்கோல் தணிக்கிறது. புகைமூட்ட நாளில் பாசிக் களிம்பு பூசிக்கொண்டு வெளியே போகலாம் என்று அதற்குப் பொருளில்லை. மேலும் எக்கோல் ஃபுளோரோடானின் என்ற பாலிஃபீனால் வகை. ஃபுகாய்டன் கந்தகம் ஏறிய பல்சர்க்கரை. இரண்டையும் ஒரே பெயரில் கட்டுவதே தவறு. ஐயா வேரைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். பழுப்புப் பாசிக்குள்ளும் பச்சையம் உண்டு. ஃபுகோசாந்தின் என்ற நிறமி அதை மறைத்திருக்கிறது.

சுங்கை சிப்புட், ஆசிரியை:

ஐயா பொறுத்துக்கொள்ள வேண்டும், அச்சகத்தார் இருமுறை அழைத்துவிட்டார். 'கடற்பாசிக் காப்புப்பொருள்கள்' என்று பன்மையில் அனுப்பிவிட்டேன். கீழே 'ஆய்வுக்கூட உயிரணுக்களில் கண்டது' என்ற வரியையும் சேர்த்தேன். எங்கள் பாடநூலில் உயிரணுதான். செல் என்று எழுதவில்லை.

ஈப்போ:

உள்ளே மறைந்திருக்கும் பச்சையைக் கொண்டு யாரும் பெயர் வைப்பதில்லை. கண்ணுக்குத் தெரிவதைக் கொண்டுதான் வைக்கிறோம். நான் உடன்படவில்லை. அச்சு தொடங்கவில்லையென்றால் 'பழுப்பு' என்பதையாவது நீக்கச் சொல்லுங்கள்.